ஆயில் என்ஜினும் ஜிடிபியும்

கார்த்திகை மாதம். இரண்டாமாண்டு பி.ஏ. பொருளியல் வகுப்பு. நாட்டு வருமானத்தைக் கணக்கிடும் மூன்று முறைகளைக் கரும்பலகையில் எழுதி முடித்திருந்தேன். நாலு நாளாக விடாத மழை. பாதிப் பேர் வரவில்லை. சிலருக்குப் பஸ் இல்லை, சிலருக்கு வீட்டில் வேலை. கடைசி பெஞ்சில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்த பையன் கையைத் தூக்கினான்.

"மிஸ், எங்க வயல்ல தண்ணி நிக்கிது. ஆயில் என்ஜின் வாடகைக்கு எடுத்து மூணு நாளா இறைச்சு வெளிய விடுறோம். அந்த டீசல், வாடகை எல்லாம் ஜிடிபில ஏறுமா?"

"ஏறும்" என்றேன்.

"அப்ப எங்க நஷ்டம் நாட்டுக்கு லாபமா மிஸ்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். இரவு படுத்த பிறகுதான், அவசரத்தில் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. பதினைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறவள் செய்யக்கூடாத தப்பு. டீசலும் என்ஜின் வாடகையும் இடைநிலைச் செலவு, அதாவது இன்னொன்றை விளைவிக்க ஆகும் செலவு. என்ஜின்காரருக்கு வந்தது ஒரு பக்கம் கூடும், பையன் வீட்டு வயல் கணக்கில் அதே தொகை கழியும், இரண்டும் நேராகிவிடும். மறுநாள் வகுப்பில் இதைச் சொல்லித் திருத்தினேன். அவன் விடவில்லை. "அப்ப பயிர் போனது எங்க மிஸ் தெரியும்?" விவசாயத் துறையின் மொத்த மதிப்பில் கொஞ்சம் குறையும் என்றேன். "கொஞ்சம்னா?" அவர்களுக்கு நாலு மா நிலம். ஒன்றேகால் ஏக்கரைவிடச் சற்றுக் கூட. அந்தக் குறைவைக் காட்ட என் கரும்பலகையில் இடம் கிடையாது.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தர முயலும் மூன்றாவது பதில். நீளமாகப் போகும்.

எங்கள் ஊர் கோரையாற்றுப் பாசனம். நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும், அதில் ஒன்று எங்களுக்கு. கல்லணையிலிருந்து பார்த்தால் நாங்கள் வால் பக்கம், கடைமடை. அப்பா போன பிறகு நிலத்தைச் சித்தப்பாதான் பார்க்கிறார். எழுபத்திரண்டு வயது. சின்ன வயதிலிருந்து அவர் மனதில் ஒரே ஒரு தேதிதான் ஆணி அடித்தாற்போல் இருந்தது: ஜூன் 12. மேட்டூர் திறக்கும் நாள். அதை வைத்துத்தான் குறுவை நாற்றங்கால், அதன் பின்னால் சம்பா, தாளடி, கல்யாணம், காதுகுத்து, நகை அடகு, அடகு மீட்பு எல்லாமே.

அந்தத் தேதி எப்படி ஆடியது என்று பாருங்கள். 2012-ல் செப்டம்பர் 17. 2016-ல் செப்டம்பர் 20. 2017-ல் அக்டோபர் 2. 2018-ல் ஜூலை 19. 2019-ல் ஆகஸ்ட் 13. 2020-ல்தான், எட்டு வருடம் தொடர்ந்து தள்ளிப்போன பிறகு, சரியாக ஜூன் 12-ல் திறந்தார்கள். 2022-ல் தலைகீழ்: அணை நிரம்பும் தறுவாயில் மே 24-லேயே திறந்தாயிற்று. சித்தப்பா அப்போது விதை நெல்கூட வாங்கியிருக்கவில்லை. 2023-ல் தேதி தவறாமல் திறந்து, தண்ணீர் போதாமல் அக்டோபர் 10-ல் மூடினார்கள். 2024-ல் ஜூலை 28. இந்தப் பட்டியலில் பாதி காவிரி அரசியல். மீதிப் பாதி, குடகில் மழை பெய்யும் விதம் மாறியது. இரண்டையும் பிரித்துக் காட்டு என்றால் என்னால் முடியாது. சித்தப்பா பிரித்துப் பார்ப்பதே இல்லை. "வரல, இல்லாட்டி ஒரேடியா வருது" என்பார். அவ்வளவுதான் அவருடைய காலநிலை அறிவியல்.

மழையும் அப்படித்தான். 2016-ல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. வெடித்த வயலைப் பார்த்துவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்களின் கதைகள் அந்த மார்கழியில் ஊருக்கு ஊர் உண்டு. 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர். ஐப்பசியில் அடைமழை என்று நம் பெரியவர்கள் சொன்னது மாதம் முழுக்கத் தூறி, விட்டு, மறுபடி பிடிக்கும் மழையை. ஒரு ராத்திரியில் கொட்டித் தீர்ப்பதற்கு நம்மிடம் பழமொழி கிடையாது.

பல்கலைக்கழகங்களுக்கு இது தெரியாதா? தெரியும். ரொம்ப நாளாகவே தெரியும். கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடேறும் என்று ஸ்டாக்ஹோமில் பேராசிரியராக இருந்த அர்ஹீனியஸ் 1896-லேயே காகிதத்தில் கணக்குப் போட்டார். நெல்லுக்கும் தனிக் கணக்கு இருக்கிறது. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் பல வருடம் எடுத்த அளவுகளை வைத்து 2004-ல் ஒரு கட்டுரை வந்தது: பயிர்க் காலத்தில் இரவின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் பத்து விழுக்காடு குறைகிறது. பகல் வெயிலைக் குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு இது புதிது. சித்தப்பாவிடம் சொன்னேன். "ராத்திரி புழுங்குனா பயிரும் தூங்காது, கதிரு மணி பிடிக்காம சாவியாப் போவும்னு எங்க அப்பாரு சொல்லுவாரு" என்றார். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. தாத்தா சொன்னதில் டிகிரியும் விழுக்காடும் இல்லை, அது இல்லாமல் காப்பீட்டுக்காரரிடம் பேச முடியாது.

பல்கலைக்கழகத்தைத் திட்டித் தீர்ப்பது எளிது. டெல்டாவில் அப்படிச் செய்பவன் நன்றி கெட்டவன். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-லிருந்து இருக்கிறது. ஏடிடி 36, 37, 43, 45 என்று எண்களாகவே நாங்கள் சோறு சாப்பிட்டு வளர்ந்தோம். அறுபதுகளில் வந்த ஏடிடி 27 தஞ்சை மாவட்டத்தின் குறுவையையே மாற்றியது. அதே அறுபதுகளின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 பேர் எரிந்து போனார்கள். கூலி நெல் கொஞ்சம் கூடக் கேட்டதில் தொடங்கிய பகை. விளைச்சல் கூடியது உண்மை, யார் களத்தில் கூடியது என்பது இன்னொரு உண்மை. முதலாவதை வேளாண் கல்லூரியில் படிக்கலாம். இரண்டாவதை, நான் எம்.ஏ. படித்த இரண்டு வருடத்தில், யாரும் எனக்குப் பாடமாக நடத்தவில்லை.

வெள்ளம் தாங்கும் நெல்லின் கதை எனக்குப் பிடித்தது. ஒடிசாவில் ஏதோ ஒரு பள்ளக்காட்டு விவசாயி வழிவழியாகப் போட்டுவந்த நெல்லிலிருந்து எஃப்ஆர் 13ஏ என்ற ரகம் எடுக்கப்பட்டது. இரண்டு வாரம் முழுகிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். அதன் ரகசியமான மரபணுவை கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்திலும் இருந்தவர்கள் கண்டுபிடித்து 2006-ல் வெளியிட்டார்கள். 'சப் 1' என்று பெயர். அது பல நாடுகளின் ரகங்களில் ஏற்றப்பட்டு, எங்களுக்குப் பழக்கமான சி.ஆர். 1009-லும் ஏறி, சி.ஆர். 1009 சப் 1 என்று விதை மூட்டையாக எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. நம்மூரிலேயே மடுமுழுங்கி என்று ஒரு பழைய நெல் உண்டு, பேரைக் கேட்டாலே போதும். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் திருவிழா நடத்தித் தேடிச் சேர்த்த நூற்று எழுபத்து நாலு ரகங்களில் இப்படிப்பட்ட பெயர்கள் நிறைய. வயலில் தொடங்கியது ஆய்வகம் போய்த் திரும்பி வயலுக்கு வருகிறது. இந்தப் பாதை திறந்திருந்தால் சரி. நடுவில் எங்கே அடைத்துக்கொள்கிறது என்பதுதான் என் கவலை. அடைப்பு வேளாண்மைத் துறையில் இல்லை என்பது என் சந்தேகம். என் துறையில் இருக்கிறது.

2018 அக்டோபர் 8. அன்றைக்கு இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. தென்கொரியாவிலிருந்து ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் அறிக்கை: வெப்ப உயர்வு 1.5 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். ஸ்டாக்ஹோமிலிருந்து பொருளியல் நோபல்: யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் நோர்தவுஸுக்கு, காலநிலையைப் பொருளாதார வளர்ச்சிக் கணக்கோடு இணைத்ததற்காக. மனிதர் கார்பன் வரி வேண்டும் என்று வாதாடியவர், அதை மறைக்கக்கூடாது. ஆனால் அவர் 1991-ல் எழுதிய ஒரு கட்டுரை உண்டு. அமெரிக்கத் தேசிய உற்பத்தியைத் துறை துறையாகப் பிரிக்கிறார். பருவநிலையால் கடுமையாக அடிபடக்கூடியவை, அதாவது விவசாயம், காடு, மீன்பிடி, ஏறக்குறைய 3 விழுக்காடு. அடி அநேகமாக விழாத துறைகள் 87 விழுக்காடு. கூரைக்குக் கீழே, ஏசியில் நடக்கும் வேலைகளுக்கு வெளியே என்ன வெயில் என்றால் என்ன?

அந்த அட்டவணையை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கூட்டல் சரி, கழித்தல் சரி. அந்த 3 விழுக்காடு இல்லையென்றால் மீதி 97 விழுக்காட்டுக்காரர்கள் மத்தியானம் என்ன சாப்பிடுவார்கள் என்பதை மட்டும் அது கேட்கவில்லை. நம் நாட்டில் விவசாயம் மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, உழைப்பவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் அதில்தான் இருக்கிறார்கள். அதே அட்டவணையை இங்கே போட்டால், நாலு மா வைத்திருக்கும் குடும்பம் முதல் அடியிலேயே புள்ளியாகிவிடும்.

நோபல் அறிவித்து ஆறு வாரம் ஆவதற்குள் கஜா புயல். நவம்பர் 16 விடிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி என்று தென்னைகளை வேரோடு படுக்க வைத்துவிட்டுப் போனது. பிள்ளையைப் பெத்தா கண்ணீரு, தென்னையைப் பெத்தா இளநீரு என்பார்கள் எங்கள் பக்கம். அன்றைக்குத் தென்னை வைத்தவர்களுக்கும் கண்ணீர்தான். ஒரு நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருடம். அந்த மரங்கள் தேசியக் கணக்கில் எங்கே போயின என்று தேடினேன். பேரிடரில் அழியும் சொத்து ஜிடிபியில் கழிக்கப்படாது. அது 'சொத்தின் அளவில் ஏற்பட்ட பிற மாற்றங்கள்' என்று யாரும் திறந்து பார்க்காத வேறொரு கணக்குக்குப் போகும். அடுத்த வருடம் தேங்காய் வராததுதான் ஜிடிபியில் தெரியும். புதுக் கம்பம் நட்ட செலவு, ஓடு மாற்றிய செலவு எல்லாம் வரவில் ஏறும். ஆக அந்தப் பையன் கேட்டது டீசல் விஷயத்தில் தப்பு, மற்றபடி சரி. இந்தக் கணக்கை 1934-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வகுத்துக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ்ஸே, இதை வைத்து மக்களின் நலனை அளக்காதீர்கள் என்று அதே அறிக்கையில் எச்சரித்தார். அவரும் பேராசிரியர்தான். எச்சரிக்கை பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி, சூத்திரம் பத்துப் பக்கம். தேர்வில் எது வரும் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாதா?

வேறு மாதிரிக் கணக்கு ஒருமுறை போடப்பட்டது. தொண்ணூறுகளில் நாகைக் கடலோரம் முழுக்க இறால் பண்ணைகள் வந்தன. ஏற்றுமதி, டாலர், வளர்ச்சி. பக்கத்து வயலில் உப்பு ஏறியது, குடிதண்ணீர்க் கிணறு கரித்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். நாக்பூரின் 'நீரி' என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் நேரில் வந்து பார்த்து, இறாலில் வரும் வருமானத்தையும் அதனால் நிலத்துக்கும் ஊருக்கும் ஆகும் சேதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. சேதம்தான் பெரிது. 1996 டிசம்பர் 11-ல் வந்த தீர்ப்பு அந்தக் கணக்கின் மேல் நின்றது. தீர்ப்புக்குப் பிறகு சட்டம் எப்படி வளைந்தது என்பது வேறு கதை. உப்புக் கரித்த கிணற்றுக்கு ஒரு கணக்குத்தாளில் இடம் கிடைத்ததே, அதைச் சொல்கிறேன்.

அதற்கு நேர் எதிரான கணக்கும் உண்டு. 2018 பிப்ரவரி 16 காவிரித் தீர்ப்பில் தமிழகத்துக்கு வரவேண்டியது 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆனது. குறைந்த 14.75-ல் 4.75 பெங்களூருவின் தாகத்துக்கு. தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது, என் மாணவர்களில் பாதிப் பேர் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். மீதி 10 டிஎம்சி, டெல்டாவின் நிலத்தடியில் தண்ணீர் இருக்கிறதே என்று கழித்தது. எங்கள் போர்வெல் தண்ணீரை ஒரு டம்ளர் யாராவது குடித்துப் பார்த்திருக்கலாம்.

இப்போது மீத்தேன். மன்னார்குடிப் பக்கம் இந்தச் சொல்லைக் கேட்டாலே பெண்கள்கூட மறியலுக்குக் கிளம்பிவிடுவார்கள். 2013 கடைசியில் தன் மூச்சு நிற்கும் வரை இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஊர் ஊராகப் பேசியது மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துத்தான். (அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்து, கோவில்பட்டி அரசுப் பண்ணையில் வேலை பார்த்து, ஒத்துவராமல் வெளியேறியவர். அவரும் டெல்டாக்காரர், கும்பகோணத்தில் பிறந்த, பசுமைப் புரட்சிக்குப் பேர் போன எம்.எஸ். சுவாமிநாதனும் டெல்டாக்காரர். இரண்டு பேரையும் ஒரே மேடையில் வைத்து ஒரு நாள் முழுக்கப் பேசவிட்டிருந்தால் நான் தரையில் உட்கார்ந்து கேட்டிருப்பேன்.) தேங்கி நிற்கும் நெல் வயலின் சேற்றிலிருந்தும் மீத்தேன் வருகிறது. நூறு வருடக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். இதைச் சித்தப்பாவுக்கு விளக்கியபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பூமிக்கு அடியில இருக்கறதை எடுக்காதேன்னு நாமதான் கத்துனோம். மேல வர்றதுக்கும் நாமதான் குத்தவாளியா?" என்றார்.

பல்கலைக்கழகம் இதற்கு வைத்திருக்கும் மருந்தின் பெயர் அழகானது: காய்ச்சலும் பாய்ச்சலும். வயலில் எப்போதும் தண்ணீர் கட்டாதே. ஓட்டை போட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து வை. உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சு, மறுபடி காயவிடு. தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் கணிசமாகக் குறையும். ஆராய்ச்சிப் பண்ணையில் நன்றாக நடக்கிறது, போர் வைத்திருப்பவர் வயலிலும் நடக்கும். கடைமடையில்? வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, எங்கள் முறை வந்தால் சித்தப்பா வரப்பு தளும்பக் கட்டிவிடுவார். பேராசை என்று நினைத்தால் தப்பு. அடுத்த முறை வருமா என்று அவருக்குத் தெரியாது. காயவிட்டபின் பாய்ச்ச ஒன்றும் இல்லை என்றால், காய்ச்சல் மட்டும்தான் மிஞ்சும். குழாய் செலவு கொஞ்சம்தான், யாராவது இலவசமாகவே தருவார்கள். தண்ணீர் இன்ன தேதிக்கு வந்தே தீரும் என்ற நம்பிக்கையை யார் தருவது?

இங்கேதான் என் துறைக்கு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். நிச்சயமில்லாத தண்ணீரை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி முடிவெடுக்கிறார் என்பது சுத்தமான பொருளியல் கேள்வி. அதை வேளாண் கல்லூரி நடத்தாது, எங்கள் பாடத்திட்டத்திலும் இல்லை. நீரியல் தெரிந்தவர் ஒரு கட்டடத்தில், நெல் தெரிந்தவர் வேறு ஊரில், விலை தெரிந்தவள் இங்கே. மூன்று பேரும் சந்திப்பது கருத்தரங்கில். அங்கே பொன்னாடை போர்த்தவே நேரம் சரியாக இருக்கும்.

எங்கள் கல்லூரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம். அது நின்றுகொண்டிருப்பது நஞ்சை. கட்டுவதற்கு முன் அங்கே சம்பா விளைந்ததைச் சித்தப்பா பார்த்திருக்கிறார். தர மதிப்பீட்டுக் குழு வரும் வருடம் மரக்கன்று நடுவோம், பசுமை வளாகம் என்று பலகை வைப்போம், குழு போனதும் ஆடு மேயும். ஒவ்வொரு கார்த்திகையிலும் பின்பக்கக் கட்டடத்தைச் சுற்றி முழங்கால் தண்ணீர் நிற்கும். அதே சமயம் சுற்றுச்சுவருக்கு மேற்கே இருக்கும் வயல்களிலும் நிற்கும். அந்த வயல்களில் ஒன்றுதான் ஆயில் என்ஜின் பையனுடையது. இது எனக்கு அவன் கேள்வி கேட்டதற்கு அடுத்த வருடம்தான் தெரிந்தது.

தெரிந்த விதம் இப்படி. மூன்றாமாண்டில் அவர்கள் ஒரு திட்டக் கட்டுரை எழுத வேண்டும். வழக்கமாக 'சுய உதவிக் குழுக்களும் பெண்கள் மேம்பாடும்' என்று போன வருடத்தை நகல் எடுத்துக் கொடுப்பார்கள், நாங்களும் கையெழுத்துப் போடுவோம். இவனும் இன்னும் மூன்று பேரும் கிராம நிர்வாக அலுவலகத்தில் கேட்டுப் பழைய கிராம வரைபடத்தின் நகல் வாங்கி வந்தார்கள். சுற்றியுள்ள வடிகால் வாய்க்கால்கள் எங்கெங்கே போகின்றன என்று நடந்து பார்த்துக் குறிக்கப் போகிறார்களாம். எந்தப் பாடத்தின் கீழ் வரும் என்று துறைக்கூட்டத்தில் கேட்டார்கள். சுற்றுச்சூழல் பொருளியல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வழிகாட்ட ஆள் வேண்டுமே என்று சித்தப்பாவைக் கூட்டிப் போனேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பு மேல் முன்னால் நடந்தார், பிள்ளைகள் பின்னால். ஒரு இடத்தில் நின்று, காலால் மண்ணைத் தட்டிக் காட்டினார். "இப்புடிக்கா வந்து, இந்தச் சுவத்துக்கு அடியில போயி, அந்தாண்ட பெரிய வடிகால்ல விழும். நானே இதுல அயிரை புடிச்சிருக்கேன்." பிள்ளைகள் வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள். கோடு அங்கேதான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், கோட்டின் மேலே, எங்கள் ஆசிரியர்களின் வண்டி நிறுத்தும் கொட்டகை. என் ஸ்கூட்டியும் அங்கேதான் நிற்கும்.

நாலு பேரும் இரண்டு மாதம் அளந்தார்கள். எந்த வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, என்ஜினுக்கு எவ்வளவு ஆனது, மறு நடவு உண்டா, மாவுக்கு எத்தனை மூட்டை குறைந்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். ஒரு பாட்டி வாசலில் கிடந்த அழுகிய நாற்றுக் கட்டை எடுத்துக் காட்டி, இதையும் எழுது என்றாளாம். எதில் எழுதுவது என்று தெரியாமல் கடைசிப் பக்கத்தில் 'பிற' என்று போட்டு எழுதியிருக்கிறார்கள். தட்டச்சுப் பிழைகள் ஏராளம். நான் கையெழுத்துப் போட்டதிலேயே வரிக்கு வரி படித்துப் போட்டது இது ஒன்றுதான்.

கொட்டகையை எடுத்துவிட்டு வாய்க்காலைத் திறக்க வேண்டும், முடியாவிட்டால் அடியில் குழாயாவது பதிக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். பரிந்துரை எழுதுவது மாணவர் வேலையா என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். வரும் திங்கட்கிழமை வரைபடத்தை எடுத்துக்கொண்டு முதல்வரைப் பார்க்கப் போகிறோம். சித்தப்பாவும் வருகிறேன் என்கிறார். வேட்டியை இஸ்திரி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார், பேசவேண்டியதை மட்டும் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன் என்கிறார்.